ஹேஷ் போடாதே என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்

நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை எனக்கு வராது. மென்பொருள் சோதனைப் பிரிவில் காலமெல்லாம் குறை சொல்லியே சம்பளம் வாங்கினவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால்கூட, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அதனால் வாழ்த்துக்குப் பதில் ஒரு சண்டையைச் சொல்கிறேன். நான் போட்ட சண்டைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சண்டை இது.

சண்டைக்குக் காரணம் ஒரு லிங்க். லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பிறகு நாம் பெயர், முகவரி, போன் எண் என்று வரிசையாக ஏற்றி அனுப்புகிறோம் அல்லவா? அந்த இடத்தில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. & வந்தால் ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். # என்ற ஹேஷ் குறி வந்தால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பிரவுசரின் சொந்த விவகாரம், சர்வருக்கு அனுப்பவே கூடாது என்று பொருள். ஆகவே ஒருவருடைய பெயரிலோ முகவரியிலோ இந்தக் குறிகள் இருந்தால், அவற்றை மாற்றுருவில் எழுதித்தான் ஏற்ற வேண்டும். # என்பது %23 ஆக வேண்டும். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், தேர்விலும் எழுதியிருப்பீர்கள். முதல் வேலையிலேயே மறந்தும் போவீர்கள். மறப்பதற்காக நான் உங்களைத் திட்டப் போவதில்லை. மறந்த பிறகு பழியை யார் தலையில் போடுகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

நம் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெங்களூரில் வீட்டு எண்ணை யாரும் வெறும் எண்ணாக எழுதுவதில்லை. முன்னால் ஒரு # போட்டால்தான் நமக்குக் கை நகரும். கடைப் பலகையில் #, கல்யாணப் பத்திரிகையில் #, பங்களா கேட்டில் பதித்த கிரானைட் கல்லிலும் #. ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் இருந்த ஒண்டுக் குடித்தன வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வழியில்லை, ஆனால் கதவு நிலையில் யாரோ கரியால் # போட்டு எண் எழுதியிருந்தார்கள். பணக்காரர், ஏழை, தமிழர், கன்னடர் எல்லாரும் ஒத்துப்போகிற விஷயம் இந்த ஊரில் இது ஒன்றுதான் என்று தோன்றும். வேறு ஊரில் எண் என்பார்கள், நம்பர் என்பார்கள், இப்படிக் குறி போடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் பழுதானவர்களை வேனில் வீட்டிலிருந்து அழைத்து வந்து, ரத்தம் சுத்திகரித்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். அந்த வேன்களுக்கு எங்கள் கம்பெனி மென்பொருள் செய்து கொடுத்தது. ரிசப்ஷனில் நோயாளியின் பெயரையும் முகவரியையும் ஏற்றினால், ஓட்டுநரின் போனுக்குக் குறுஞ்செய்தியில் ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் யாரை, எங்கே போய் அழைத்து வர வேண்டும் என்று தெரியும். ஓட்டுநர்களுக்குப் பழைய நோயாளிகளின் வீடெல்லாம் மனப்பாடம். லிங்க்கைத் தொட்டுவிட்டு, பார்க்காமலேயே வண்டியை எடுத்துவிடுவார்கள். அதனால் தொடங்கின புதிதில் எந்தக் குறையும் வெளியே தெரியவில்லை.

பிறகு ஜீவனஹள்ளியிலிருந்து சரோஜாம்மா என்று ஒரு புது நோயாளி வந்து சேர்ந்தார். அவரை அழைத்து வர வேண்டிய ஓட்டுநர் ஏழுமலை. அன்று காலை சரோஜாம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். வேன் வரவே இல்லை. அவருடைய முறை கைவிட்டுப் போனது. சாயங்காலம் மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் பிழைப்பாரா என்று ஒரு ராத்திரி முழுக்க அந்தக் குடும்பம் தவித்தது.

வேன் காய்கறி மார்க்கெட் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றிருந்ததை ஜிபிஎஸ் காட்டியது. உடனே ஓட்டுநர் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். சாவியையும் அடையாள அட்டையையும் பிடுங்கிக்கொண்டு ஏழுமலையை வெளியே அனுப்பினார்கள். ‘பணி நேரத்தில் ஓட்டுநர் உறங்கியதே காரணம்’ என்று எங்கள் கம்பெனி சார்பில் ஓர் அறிக்கை தயாரானது. அதில் சோதனைப் பிரிவின் கையெழுத்தும் வேண்டும். அந்தத் திட்டத்துக்கும் எனக்கும் அதுவரை சம்பந்தமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் கோப்பு என் மேஜைக்கு வந்தது.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான். கையெழுத்து மட்டும் சீக்கிரம் வேண்டும்.

"சர்வர் லாக்ல எல்லாம் க்ளீனா பதிவாகியிருக்கு மேடம். அட்ரெஸோட லிங்க் போயிருக்கு. அவன் ஓப்பன் பண்ணியிருக்கான். இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

"நாம என்ன அனுப்பினோம்னு தெரியுது. அவர் போன்ல என்ன தெரிஞ்சுதுன்னு யாராவது பார்த்தீங்களா?"

"அனுப்பினதுதானே தெரியும்?"

பிள்ளைகளே, இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் உங்களுக்கு உடம்பெல்லாம் எரிய வேண்டும். அனுப்பினது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு. நம் தொழிலில் பாதிப் பாவம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் நடக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஓட்டுநரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் கதை விடுவான் மேடம் என்றார். விடட்டும், நானும் கதை கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அட்டை இல்லாததால் ஏழுமலையை மையத்துக்குள் செக்யூரிட்டி விடவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று பேசினோம். நாற்பது வயதிருக்கும். சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, யாரோ விசாரணைக்குக் கூப்பிட்டது போல விறைப்பாக நின்றார். எந்த ஏரியா என்று கேட்டேன். ஸ்ரீராம்புரம் என்றார். நானும் அங்கேதான் வளர்ந்தேன் என்றதும் தோள் கொஞ்சம் தளர்ந்தது. மேடம் போய் அக்கா வந்தது.

"பேரு மட்டுந்தான் கா வந்துச்சி. ரூட்டு ஜீவனஹள்ளின்னு இருந்துச்சி. அட்ரெஸும் இல்ல, போன் நம்பரும் இல்ல. ஒவ்வொரு கிராஸ் தெருவா போயி சரோஜாம்மா வீடு எதுன்னு கேக்கறேன். எந்த சரோஜான்னு திருப்பிக் கேக்கறாங்க. ஜீவனஹள்ளில சரோஜாவுக்குப் பஞ்சமா கா?"

"வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சாமே?"

"ஆமா, நின்னுச்சி. ஓரங்கட்டி ரிசப்ஷனுக்கு போன் அடிச்சிக்கினே இருந்தேன். அங்க ஷிப்டு மாறுற டைமு, ஒருத்தரும் எடுக்கல. அடுத்த பேஷண்டு வேற காத்துக்கினு இருக்காரு. அவரையாவது டைமுக்கு சேத்துடலாம்னு கெளம்பிட்டேன். அது தப்பா கா?"

தப்பில்லை என்றேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கிடைக்காத வீட்டைத் தேடிக்கொண்டு இன்னொருவரையும் சேர்த்துக் கைவிடுவதில் என்ன புத்திசாலித்தனம்?

அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அழிக்கவில்லை. அந்த லிங்க்கை என் எதிரிலேயே தொட்டார். பெயர் வந்தது. முகவரி என்ற இடத்தில் ஒன்றுமில்லை, போன் என்ற இடத்திலும் ஒன்றுமில்லை. போனை வாங்கி லிங்க்கை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். முகவரி தொடங்கும் இடத்தில், எந்த மாற்றமும் இல்லாமல், அச்சு அசலாக ஒரு # உட்கார்ந்திருந்தது. வாயில் வைத்த டீயை விழுங்க மறந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நிரல் எழுதியவர் அக்கறையில்லாதவர் அல்ல. லிங்க் முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் மொத்தத்துக்கும் ஒரு மாற்றுருச் செய்திருந்தார். அப்படிச் செய்தால் இடைவெளி மாறும், கன்னட எழுத்து மாறும், தமிழ் எழுத்து மாறும். # மாறாது, & மாறாது. அவை லிங்க்கில் தங்கள் சொந்த வேலைக்காக நிற்கின்றன என்று அந்த மாற்றுரு நம்பிக்கொள்ளும். மல்லித்தூளையும் சர்க்கரையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டாமல் ஒரே பையில் கொட்டி, பையின் வாயை மட்டும் இறுக்கிக் கட்டினது போன்ற வேலை. சோதனைக்கு வைத்திருந்த முகவரிகளோ எங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரின் முகவரிகள். அவற்றில் ஒரு # கூடக் கிடையாது. எல்லாம் பச்சை டிக் வாங்கி வெளியே வந்துவிட்டது. பெங்களூருக்காகச் செய்த மென்பொருளில் பெங்களூர்க்காரர் ஒருவர்கூடத் தன் வீட்டு முகவரியை அடித்துப் பார்க்கவில்லை.

திரும்பிப் போய் மேலாளரிடம் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, பார்த்ததுமே புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு ஏறவில்லை.

"ரிசப்ஷனுக்கு ஒரு சர்க்குலர் போட்டுடலாம் மேடம். அட்ரெஸ்ல ஹேஷ் போடாதீங்கன்னு. இவங்க ஏன் இப்படி எழுதறாங்களோ!"

"உங்க வீட்டு கேட்ல என்ன எழுதியிருக்கு சார்?"

மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. கிருகப்பிரவேசத்துக்கு நான் போயிருக்கிறேன். பித்தளையில் பளபளவென்று என்ன இருந்தது என்று இருவருக்கும் தெரியும்.

இந்தச் சர்க்குலர் புத்தியை உங்களிடம் நான் எங்கே பார்த்தாலும் விடமாட்டேன். மக்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எப்படி எழுதுகிறார்களோ அப்படித்தான் எழுதுவார்கள். அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். நம் நிரல் சுமக்க முடியாததை மக்கள் எழுதவே கூடாது என்று சொல்வது, வண்டிக்குள் இடமில்லை, காலை வெட்டிக்கொண்டு வா என்று பயணியிடம் சொல்வதற்குச் சமம்.

ஏழுமலைக்கு என்ன வழி என்று கேட்டேன். மேலாளர் குரலைத் தாழ்த்தினார். மையத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் இது. நிரலை ஓசையில்லாமல் சரி செய்துவிடலாம். எச்சரித்து மன்னித்ததாகச் சொல்லி ஓட்டுநருக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அறிக்கை மட்டும் எழுதினபடியே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை என்றார்.

யாருக்கு நஷ்டம் என்பதை ஏழுமலைதான் சொல்ல வேண்டும். அவருக்குப் போன் செய்து, ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாவி அங்கயே இருக்கட்டும் கா," என்றார். "அந்தம்மா பையன் ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும் என் சட்டையப் புடிச்சான். எங்கம்மா சாகக் கெடக்கறப்ப தூங்கிக்கினு இருந்தியாடான்னு கேட்டான். நான் என்னா சொல்றது? அவனுக்கு அவங்கம்மா. நான் தூங்கலன்னு எழுதி அவங்க வீட்டுக்குக் குடுக்கச் சொல்லுங்க. அப்பறம் வண்டிய எடுக்கறேன்."

"அதுவரைக்கும் வீட்ல எப்படிச் சமாளிப்பீங்க?"

"பொம்மசந்திரால ஆக்டிங் டிரைவர் வேலை கெடைக்கும். ஃபேக்டரி ஸ்டாஃப ஏத்தி எறக்கறது. அத பாத்துக்கலாம். ஆனா சும்னே மன்னிச்சோம்னு சொல்லி எவனும் எனக்கு சாவி குடுக்க வேணாம் கா. மன்னிக்கறதுக்கு நான் என்னா பண்ணேன்?"

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்ததல்ல, ஆத்திரத்தில் வந்தது. ஒரு மனிதன் வேலையைவிடத் தன் பெயர் பெரிது என்று நிற்கிறான். நாங்கள் ஒரு குறியை ஒழுங்காக எழுதத் தெரியாமல் அந்தப் பெயரைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கழுவிக் கொடுக்கவும் கூச்சப்படுகிறோம்.

மையத்தின் தலைவர் ஒரு டாக்டர், கன்னடக்காரர். ஒப்பந்தம் பற்றிப் பேச அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று, அறிக்கையை விளக்கும் வேலை எனக்கு. "ஸ்லைடுல இருக்கறத மட்டும் படிங்க மேடம், ப்ளீஸ்," என்று லிஃப்டிலேயே சொல்லிவிட்டார் மேலாளர். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் ஸ்லைடைப் போடவில்லை. டாக்டர், உங்கள் வீட்டு முகவரியை நீங்களே இதில் அடிக்க முடியுமா என்று கன்னடத்தில் கேட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். சோதனைக்காக வைத்திருக்கும் பக்கம் அது, இன்னும் திருத்தாத நிரல். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்காக அடித்தார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவர், விரல் தானாக முதலில் # பொத்தானைத் தேடிப் போனது. மேலாளரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன்.

லிங்க் டாக்டரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏன்ரீ இது? நன்ன அட்ரெஸ்ஸே இல்வல்லா!"

என் முகவரியே இல்லையே என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்த அறையில் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மேலாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சொன்னேன். "இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் டாக்டர்? வண்டியை ஓரங்கட்டிவிட்டு யாருக்காவது போன் செய்வீர்கள். ஏழுமலையும் அதைத்தான் செய்தார். அவர் தூங்கவில்லை. தூங்கினது நாங்கள்."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. இன்றைக்கு வேறு எந்த நோயாளிக்கெல்லாம் இந்த லிங்க் போகிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. சரியாகும்வரை லிங்க்கை நம்ப வேண்டாம், ரிசப்ஷனில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டுநருக்கும் வாயால் முகவரி சொல்லட்டும் என்றேன். அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டார். பிழையைக் கண்டுபிடித்ததும் நிரலைத் திறக்க ஓடாதீர்கள். முதலில் இன்று மாட்டிக்கொள்ளப்போகிற ஆளைக் காப்பாற்றுங்கள்.

சரி செய்த கதையிலும் கொஞ்சம் கூத்து உண்டு. நிரலை எழுதின பெண் சுமா, பயத்தில் அவசரப்பட்டு, முகவரியில் # வந்தால் நீக்கிவிடும்படி எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டை ஒன்றாக்கின ஒருவருடைய முகவரியை அடித்துக் காட்டினேன், # 12 & 13 என்று. & வந்ததும் முகவரி பாதியில் துண்டாகிப் போனது. நீ எத்தனை குறியைத் துரத்துவாய் சுமா என்று கேட்டேன். பிறகு ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாக மாற்றுருச் செய்து, அதற்குப் பிறகே லிங்க்கில் சேர்த்தாள். ஆனால் கடைசியில் மொத்தத்துக்கும் செய்த பழைய மாற்றுருவை எடுக்க மறந்துவிட்டாள். இரண்டு முறை மாறினதில், திரையில் # இருக்க வேண்டிய இடத்தில் %23 என்று பல்லிளித்தது. ஒருமுறை, ஒருமுறை மட்டும், விவரம் லிங்க்குக்குள் நுழைகிற இடத்தில் செய்ய வேண்டும். அவள் இப்போது உங்களில் பலருக்கு மூத்தவள், இதை அவளே இன்னும் நன்றாகச் சொல்லித் தருவாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு மதிப்பீட்டில் ‘குழுவுடன் ஒத்துப்போகாதவர்’ என்று எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, ஓய்வு பெறும்வரை வரவே இல்லை. வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். திருத்திக்கொண்டேனா என்றால், இல்லை. உங்கள் முன்னாலும் ஒருநாள் இப்படி ஓர் அறிக்கை வரும். பிழை நம்முடையது, பழி வெளியே நிற்கிற ஒருவருடையது என்று அதில் அழகாக எழுதியிருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். போடாததால் என்ன போகும் என்று நான் சொல்லிவிட்டேன், அது போனால் போகட்டும்.

மையம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது, ஆனால் குறைந்த காலத்துக்கு. அறிக்கை மாற்றி எழுதப்பட்டது. கோளாறு மென்பொருளில், ஓட்டுநர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று கம்பெனி தலைப்பிட்ட தாளில் எழுதி, சரோஜாம்மாவின் வீட்டில் நேரில் கொடுத்தோம். கொண்டுபோனவர் எங்கள் மேலாளர். அந்தப் பையன் படித்துவிட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனானாம். அதற்குப் பிறகே ஏழுமலை பொம்மசந்திராவிலிருந்து வந்து சாவியைக் கையில் வாங்கினார்.

முதல் நாளே ஜீவனஹள்ளி ரூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மத்தியானம் எனக்குப் போன் வந்தது. லிங்க்கில் முகவரி முழுசாக வந்ததா என்று நான் கேட்டேன். வந்தது என்றார். சரோஜாம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கேட்டாண்ட நின்னுக்கினு என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க கா. ‘நீ தூங்கலையாமே’ன்னாங்க. ‘இல்லம்மா’ன்னேன். ‘அப்ப வண்டிய எடு, லேட்டாவுது’ன்னாங்க."